குண்டுப் பையனை ஓட விரட்டாதீங்க! முதலில் 10 நிமிடம் நடக்கட்டும்

சென்னை, ஜூன் 8–

பள்ளிக்கூடம் திறந்தாச்சு. லீவு முழுக்க டி.வி., செல்போன், முறுக்கு என்று உட்கார்ந்தே இருந்த பையனுக்கு பழைய யூனிபார்ம் பேண்ட் இடுப்பில் ஏறவில்லை. அப்பாவுக்கு கோபம் பொத்துக்கொண்டு வருகிறது.

"டேய், நாளைக்கு காலைல 5 மணிக்கு எழுந்திரு. பீச்சுல ஓடுறே!"

மறுநாள் மெரினா. உழைப்பாளர் சிலை அருகே ஓட ஆரம்பித்தவன், கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்து விடுகிறான். கிரிக்கெட் ஆடும் பையன்கள் சிரிக்கிறார்கள். அடுத்த நாள், "கால் வலிக்குதுப்பா." அதற்கு அடுத்த நாள் போர்வையை இழுத்து மூடிக் கொள்கிறான். அத்தோடு உடற்பயிற்சிக்கு முழுக்கு!

சென்னையில் பல வீட்டில் நடக்கிற கதை இது. தப்பு பையன் மீது இல்லை. முதல் நாளே ஓட விட்டதுதான் தப்பு.

11 வாரக் கணக்கு

5 வயது முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் கூறியது. அதை முதல் வாரத்திலேயே எதிர்பார்க்கலாமா? முதல் வாரம் தினம் 10 நிமிட நடை. வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டினால் 11-வது வாரம் 60 நிமிடம் வந்து விடும். காலாண்டு பரீட்சைக்கு முன்பே!

வேகம் எவ்வளவு? நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அவ்வளவுதான்.

மணலில் வேண்டாம். கால் புதைந்து கணுக்காலும் முழங்காலும் படாத பாடு படும். நடைபாதையே போதும். பெசன்ட் நகரில் 2023 நவம்பரில் அரசு தொடங்கிய நடைப்பயிற்சிப் பாதை 8 கி.மீ. நீளம். முழுசாக நடந்தே ஆக வேண்டும் என்று யாரும் பிரம்பை வைத்துக் கொண்டு நிற்கவில்லை!

நாலு பேர் பார்க்கிறார்களே என்று கூச்சப்படும் பிள்ளைக்கு, முக்கியமாக பெண் பிள்ளைக்கு, மொட்டை மாடி போதும். நடை பழகியதும் வாரம் 3 நாள் சுவரில் கை ஊன்றி தண்டால், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. தலைக்கு 10 தடவை. ஸ்கிப்பிங் இப்போதைக்கு வேண்டாம்.

வெளியே சொல்லாத வலி

தொடை இரண்டும் உரசி புண்ணாவதை பையன் வாய்விட்டுச் சொல்ல மாட்டான். 'இன்னிக்கு வேணாம்மா' என்பான். முழங்கால் வரை இறங்கும் டிராயரும், கொஞ்சம் வாசலினும் கொடுத்துப் பாருங்கள்.

அப்பாவும் கூட நடக்க வேண்டும். பெல்ட்டில் கடைசி ஓட்டைக்கு வந்து விட்டவர், சுண்டல் கொறித்தபடி "ஓடுடா" என்றால் எந்தப் பையன் ஓடுவான்?

தினமும் எடை பார்த்து திட்டாதீர்கள். வளரும் வயசு. எடை ஏறாமல் நின்று, உயரம் கூடினாலே லாபம்தான்.

அழுக்கு அல்ல!

கழுத்தின் பின்புறம் கறுத்து, தடித்து இருக்கிறதா? அழுக்கு என்று பீர்க்கங்காய் நாரால் தேய்க்கும் அம்மாக்கள் உண்டு. தேய்த்தால் போகாது. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டி, ரத்தத்தில் சர்க்கரை பார்த்து விடுங்கள்.

நெஞ்சு வலி, மயக்கம் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். முழங்கால் வலிக்குது என்று நொண்டினால், "சோம்பேறி, சாக்கு சொல்றான்" என்று விட்டு விடாதீர்கள். குண்டான பிள்ளைகளுக்கு இந்த வயதில் இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலைப்பகுதி நழுவுவது உண்டு. வலி முழங்காலில் தெரியும், கோளாறு இடுப்பில் இருக்கும். நடக்க விடாமல், அன்றைக்கே எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.