பேரேட்டிலிருந்து பொதுத் தரவுத்தளத்திற்கு: திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதிச் சிறு நிறுவனங்களின் நிதி அறிக்கையிடல்

ஆய்வுச் சுருக்கம்

பெருநிறுவனங்கள் தங்கள் கொள்முதல், இருப்பு, விற்பனை, வங்கிக் கணக்குத் தரவுகளை ஒரே தளத்தில் இணைத்து நிதி அறிக்கைகளைத் தயாரிக்கின்றன. அத்தகைய மென்பொருளை வாங்க இயலாத சிறு பட்டறைகளும் சரக்கு மற்றும் சேவை வரி (ஜி.எஸ்.டி.) வலையமைப்பின் வழியாக ஒரு பொதுத் தரவுத்தளத்திற்குள் வந்துவிட்டன. இதனால் நிதி அறிக்கையின் உண்மைத்தன்மை ஒரு நிறுவனத்தின் பேரேட்டை மட்டும் சார்ந்திருக்கவில்லை. அதனோடு வணிகம் செய்யும் பிற நிறுவனங்களின் பதிவுகளையும் சார்ந்துள்ளது. இம்மாற்றத்தின் செயல்முறையையும், அது சிறு நிறுவனங்களின் நடைமுறை மூலதனத்தில் ஏற்படுத்தும் விளைவையும் இக்கட்டுரை விளக்குகிறது.

குறிச்சொற்கள்: நிதி அறிக்கையிடல், ஜி.எஸ்.டி., மின் விலைப்பட்டியல், உள்ளீட்டு வரி வரவு, தணிக்கைத் தடம், சிறுதொழில்.

முன்னுரை

நம் வணிகக் கணக்கு மரபு ஏடு சார்ந்தது. அன்றாட வரவு செலவைச் சிட்டையில் குறித்து, பேரேட்டில் பெயர்த்தெழுதி, ஆண்டு முடிவில் இருப்புநிலைக் குறிப்பு தயாரிப்பது வழக்கம். கணினியும் டேலி போன்ற மென்பொருள்களும் வந்த பின்னரும் இவ்வரிசை மாறவில்லை. ஏடு திரைக்கு இடம்பெயர்ந்தது, அவ்வளவே. கணக்கு அந்நிறுவனத்திற்கு உள்ளேயே எழுதப்பட்டது. அதன் சரிபார்ப்பு பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை நிகழ்ந்தது. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபின் இவ்விரண்டு இயல்புகளும் படிப்படியாக மாறி வருகின்றன.

ஆய்வுப் பரப்பு

வடகிழக்கே, சென்னை – கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிக் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகமும் எஃகு உருக்காலைகளும் உருட்டாலைகளும் உள்ளன. மேற்கே, திருவள்ளூர் நகரையொட்டிக் காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டை அமைந்துள்ளது. திருவள்ளூரிலிருந்து திருத்தணி செல்லும் சாலையில் திருப்பாச்சூர் உள்ளது. ஓர் ஆலையில் உருவாகும் எஃகுக் கம்பி ஒரு லேத் பட்டறையில் கடைசலுக்கு உள்ளாகி, வேறோர் இடத்தில் வெப்பப் பதப்படுத்தலுக்குச் சென்று, இறுதியில் ஒரு பெரிய தொழிற்சாலையின் உதிரிபாகமாக மாறுவது இத்தகைய தொழிற்பகுதிகளின் இயல்பு. ஒரே பொருளின் பயணம் நான்கு நிறுவனங்களின் கணக்குகளில் நான்கு விதமாகப் பதிவாகிறது. ஒருங்கிணைந்த தரவுத்தளத்தின் தேவை இங்கிருந்தே தொடங்குகிறது.

மின் விலைப்பட்டியலின் செயல்முறை

மின் விலைப்பட்டியல் முறை 2020 அக்டோபர் 1 அன்று ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. அவ்வரம்பு 2021 ஜனவரியில் 100 கோடியாகவும், ஏப்ரலில் 50 கோடியாகவும், 2022 ஏப்ரலில் 20 கோடியாகவும், அக்டோபரில் 10 கோடியாகவும், 2023 ஆகஸ்டு 1 முதல் 5 கோடியாகவும் குறைக்கப்பட்டது.

விற்பவர் தம் மென்பொருளில் உருவாக்கும் விலைப்பட்டியல், வரையறுக்கப்பட்ட ஒரே வடிவத்தில் பதிவுத்தளத்திற்கு அனுப்பப்படுகிறது. விற்பவரின் ஜி.எஸ்.டி. எண், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் ஆகியவற்றைக் கொண்டு 64 எழுத்துருக்கள் கொண்ட தனித்த குறிப்பெண் உருவாகிறது. தளம் மின்கையொப்பமிட்டு, கியூ.ஆர். குறியீட்டுடன் பட்டியலைத் திருப்பி அளிக்கிறது. அதே தரவு விற்பவரின் ஜி.எஸ்.டி.ஆர். 1 படிவத்தில் தானாக நிரம்புகிறது. பதிவான பட்டியலைத் தளத்தில் திருத்த இயலாது, 24 மணி நேரத்திற்குள் நீக்க மட்டுமே இயலும்.

இதன் கணக்கியல் பொருள் குறிப்பிடத்தக்கது. ஒரு விற்பனை, விற்பவரின் பேரேட்டுக்கும் வாங்குபவரின் பேரேட்டுக்கும் பொதுவான ஒரே மூலப்பதிவைப் பெறுகிறது. இருவரும் தனித்தனியே தட்டச்சு செய்து, பின்னர் ஒப்பிட்டுச் சண்டையிடும் தேவை குறைகிறது.

பொருத்திப் பார்த்தல்: ஓர் எடுத்துக்காட்டு

மாதந்தோறும் விற்பவர் (மாதாந்திர அறிக்கையாளராயின்) அடுத்த மாதம் 11ஆம் நாளுக்குள் ஜி.எஸ்.டி.ஆர். 1 தாக்கல் செய்கிறார். 14ஆம் நாள் வாங்குபவருக்கு ஜி.எஸ்.டி.ஆர். 2பி என்னும் அறிக்கை உருவாகிறது. 20ஆம் நாளுக்குள் அவர் ஜி.எஸ்.டி.ஆர். 3பி வழியாக வரி செலுத்த வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள 16(2)(அஅ) பிரிவின்படி, விற்பவர் தம் படிவத்தில் காட்டி, அது வாங்குபவருக்குத் தெரிவிக்கப்பட்ட விலைப்பட்டியலுக்கே உள்ளீட்டு வரி வரவு கிடைக்கும்.

திருப்பாச்சூரில் ஒரு லேத் பட்டறை இருப்பதாகக் கொள்வோம். அது ஒரு மாதத்தில் 10,00,000 ரூபாய்க்கு எஃகுக் கம்பி வாங்கி, 14,00,000 ரூபாய்க்கு உதிரிபாகங்களை விற்கிறது. எளிமைக்காக இரண்டிற்கும் 18 விழுக்காடு வரி எனக் கொண்டால், வாங்கியதற்கான வரி 1,80,000 ரூபாய். விற்றதற்கான வரி 2,52,000 ரூபாய். எஃகு விற்றவரின் பதிவு 2பி அறிக்கையில் வந்துவிட்டால், பட்டறை செலுத்த வேண்டியது 72,000 ரூபாய். எஃகு விற்றவர் பட்டறையின் ஜி.எஸ்.டி. எண்ணைத் தவறாகப் பதிந்தாலோ தாக்கலைத் தாமதித்தாலோ, முழு 2,52,000 ரூபாயையும் அம்மாதம் செலுத்த நேரிடும். உதிரிபாகம் வாங்கிய பெரிய நிறுவனம் பணம் தர ஒன்றரை மாதம் எடுத்துக்கொண்டால், இத்தொகை பட்டறையின் வங்கிக் கடனிலிருந்தே போகும்.

பட்டறையின் ஏட்டில் அந்த 1,80,000 ரூபாய் நடப்புச் சொத்தாக நிற்கிறது. அச்சொத்து உடனே பயன்படுமா என்பதை எஃகு விற்றவரின் பதிவே தீர்மானிக்கிறது. எனவே இருப்புநிலைக் குறிப்பில் இவ்வினத்தை எழுதும்போது, 2பி அறிக்கையில் வந்தது, வராதது, காலம் கடந்தது எனப் பிரித்துக் காட்டுவதே நேர்மையான அறிக்கையிடலாகும். ஒரு நிதியாண்டின் வரவை அடுத்த நவம்பர் 30ஆம் நாளுக்குள் (அல்லது ஆண்டறிக்கை தாக்கல் செய்யும் நாளுக்குள், எது முந்தையதோ) எடுக்காவிடில் அது இழப்பாகும்.

2024 அக்டோபரில் அறிமுகமான விலைப்பட்டியல் மேலாண்மை அமைப்பில், வாங்குபவர் ஒவ்வொரு பட்டியலையும் ஏற்கலாம், நிராகரிக்கலாம், நிலுவையில் வைக்கலாம். எதுவும் செய்யாவிடில் ஏற்றதாகக் கருதப்படும். கவனமின்மையும் இப்போது ஒரு கணக்குப் பதிவாகிவிடுகிறது.

தணிக்கைத் தடமும் அறிக்கைகளின் ஒப்புமையும்

2023 ஏப்ரல் 1 முதல், கணக்கு மென்பொருளைப் பயன்படுத்தும் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு திருத்தத்தையும் அது செய்யப்பட்ட நாளையும் பதிந்துவைக்கும் மென்பொருளையே பயன்படுத்த வேண்டும். அவ்வசதியை முடக்க இயலாதிருக்க வேண்டும். தனியுரிமை, கூட்டாண்மைப் பட்டறைகளுக்கு இவ்விதி பொருந்தாது. ஆயினும் அவை கம்பெனிகளுக்கே பொருள் வழங்குவதால், விளைவு அவற்றையும் எட்டுகிறது: பழைய தேதியிட்டு விலைப்பட்டியலை மாற்றித் தருமாறு ஒரு கம்பெனி கேட்டால், அதன் ஏட்டில் அம்மாற்றத்தின் சுவடு நிற்கும்.

2021இல் திருத்தப்பட்ட கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, நடப்புச் சொத்துகளை ஈடாக வைத்துக் கடன் பெற்ற கம்பெனி வங்கிக்கு அளித்த காலாண்டு அறிக்கைகள் அதன் ஏடுகளோடு ஒத்துள்ளனவா எனக் கூறுமாறு கேட்கிறது. வரித்துறைக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று, உரிமையாளருக்கு ஒன்று எனத் தனித்தனியே எக்செல் தாளில் கணக்குத் தயாரிக்கும் வழக்கம் இதனால் இடர் நிறைந்ததாகிறது.

சிறு நிறுவனத்தின் பக்கம் திரும்பும் பயன்

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டம், எழுத்து ஒப்பந்தம் இருப்பினும் 45 நாள்களுக்குள் பணம் தரப்பட வேண்டும் என்கிறது. 2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த 43பி(எச்) பிரிவு, அக்கால வரம்பு கடந்தால் குறு, சிறு நிறுவனங்களுக்குரிய செலவைப் பணம் தந்த ஆண்டிலேயே கழிக்க முடியும் என்றது. மின் விலைப்பட்டியலின் நாளும் பொருள் ஏற்றுக்கொண்ட நாளும் தளத்திலும் ஏட்டிலும் ஒருசேரத் தெளிவாக இருக்கும்போதே இவ்வுரிமையை நிலைநாட்ட இயலும்.

டிரெட்ஸ் எனப்படும் விலைப்பட்டியல் தள்ளுபடித் தளங்களில், பெரிய நிறுவனம் ஏற்ற பட்டியலைச் சிறு நிறுவனம் முன்கூட்டியே பணமாக்கலாம். பட்டியலை வாங்குபவர் ஏற்க வேண்டும் என்பதே இதன் நிபந்தனை. பட்டியல் எண்ணும் தொகையும் இருவர் கணக்கிலும் ஒத்திராத இடத்தில் ஏற்பும் தாமதப்படும்.

இடைவெளிகள்

இத்தளத்திற்கு வெளியே நிற்பவையும் உண்டு. முதலாவது, 5 கோடிக்குக் கீழ்ப்பட்ட பட்டறைகளுக்கு மின் விலைப்பட்டியல் கட்டாயமில்லை. இரண்டாவது, ஜாப் ஒர்க். அனுப்பப்பட்ட மூலப்பொருள் டெலிவரி சலானில் நகர்கிறது. அது ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என விதி உள்ளது. ஆனால் ஐ.டி.சி. 04 படிவம் அரையாண்டுக்கோ ஆண்டுக்கோ ஒருமுறைதான். பட்டறையில் கிடக்கும் பிறரது இருப்பும் சிதைவுத் துண்டுகளும் மாதாந்திரத் தரவில் காணப்படுவதில்லை.

மூன்றாவது, மூலத் தரவுகளின் ஒழுங்கு. ஒரே வாடிக்கையாளர் இரு பெயர்களிலும், ஒரே கம்பி கிலோவிலும் எண்ணிக்கையிலும் பதிவாகியிருந்தால், எந்தப் பகுப்பாய்வுத் திரையும் பிழையையே அழகாக வரைந்து காட்டும். ஆகவே புதிய மென்பொருள் வாங்கும் முன் வாடிக்கையாளர் பட்டியல், பொருள் குறியீடு, அலகு, விலைப்பட்டியல் எண் வரிசை ஆகியவற்றைச் சீர்செய்தல் வேண்டும். அதன்பின் ஒவ்வொரு மாதமும் 14ஆம் நாளுக்கும் 20ஆம் நாளுக்கும் இடையில் 2பி அறிக்கையைக் கொள்முதல் ஏட்டோடு பொருத்துவதை நிலையான பணியாக்க வேண்டும்.

முடிவுரை

திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டிப் பகுதியின் சிறு நிறுவனங்களுக்கு ஒருங்கிணைந்த தரவுத்தளம் என்பது வாங்குவதா வேண்டாமா என்று முடிவுசெய்யும் பொருளாக இல்லை. ஏற்கெனவே அவற்றைச் சூழ்ந்துள்ளது. அத்தளத்தில் தம்மைப் பற்றிப் பிறர் எழுதும் பதிவை அவை மாதந்தோறும் படிக்கின்றனவா என்பதே வேறுபாட்டை உண்டாக்கும். வணிகவியல் பாடத்திட்டங்கள் இன்றும் ஆண்டிறுதிக் கணக்குகளுக்குத் தரும் இடத்தில் ஒரு பகுதியை மாதாந்திரப் பொருத்தத்திற்கும் ஜாப் ஒர்க் இருப்புக் கணக்கிற்கும் ஒதுக்கினால், இத்தொழிற்பேட்டைகளில் கணக்கராகச் சேரும் மாணவர் முதல் மாதத்திலேயே பயன்தருவர்.