மூளைக் கட்டியும் அதன் இரத்தக் குழாய்களும்

மூளையில் கட்டி என்று தெரிந்ததும் எமது உறவுகள் கேட்பது, "கட்டிக்குப் போகிற இரத்தத்தை நிற்பாட்டினால் அது காய்ந்து போகாதோ?" என்பதுதான். நியாயமான கேள்வி. அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் யூடா ஃபோக்மன் 1971இல் மருத்துவ உலகின் முன் வைத்த கருத்தும் இதுவே.

கிளியோபிளாஸ்டோமா எனப்படும் கடுமையான மூளைக் கட்டி ஒன்றிரண்டு மில்லிமீற்றருக்கு மேல் பருத்தால், நடுவிலுள்ள கலங்களுக்கு ஒட்சிசன் போதாது. மூச்சு முட்டும் அக்கலங்கள் வி.ஈ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரந்து, அயலிலுள்ள இரத்தக் குழாய்களைக் கிளைவிட வைக்கின்றன. மனிதரின் மூளைக் கட்டிகளில் இப்புரதம் சுரப்பதை 1992இல் காட்டியவர்கள் கார்ல் பிளாட்ட, வேர்னர் ரிசாவ் ஆகிய யேர்மன் ஆய்வாளர்களும் அவர்களது குழுவினரும். ஆனால் அவசரத்தில் வெட்டிய வாய்க்கால் போல இப்புதிய குழாய்கள் கசியும். அதனால் மூளை வீங்கும். காலையில் வரும் தலையிடி, வாந்திக்கு இவ்வீக்கமும் ஒரு காரணம். வைத்தியர் கொர்ட்டிசோன் கொடுப்பது இதற்காகத்தான்.

அப்புரதத்தை மடக்கும் மருந்து பெவசிசுமாப். அதை ஏற்றியதும் வீக்கம் வற்றும், எம்.ஆர்.ரி. படம் அழகாக வரும், வீட்டில் எல்லோரும் கோவிலுக்கு நேர்த்தி வைப்போம். ஆயினும், ஹைடல்பேர்க் பேராசிரியர் வொல்ஃப்காங் விக் தலைமையிலான ஐரோப்பிய ஆய்வு 2017இல் வெளியானபோது கணக்கு வேறாக இருந்தது. திரும்பி வந்த கட்டிக்கு லோமஸ்டின் மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 8.6 மாதங்களைக் கடந்தார்கள். பெவசிசுமாப்பும் சேர்த்துப் பெற்றவர்களில் பாதிப் பேர் கடந்தது 9.1 மாதங்கள். பெரிய வித்தியாசமில்லை.

காரணம், இக்கட்டி புதுக் குழாய்களை மட்டும் நம்பியிருப்பதில்லை. அதன் கலங்கள் ஏற்கெனவே உள்ள இரத்தக் குழாய்களையும் நரம்பு நார்களையும் பற்றிக்கொண்டு மூளைக்குள் ஊர்ந்து போகின்றன. மூளைக்கு வெளியே பரவுவது மிக அரிது. மெல்லிய நீண்ட இழைகளால் அவை ஒன்றோடொன்று தொடுத்துக்கொண்டு கதிர்ச் சிகிச்சையையும் தாக்குப்பிடிப்பதை ஹைடல்பேர்க் ஆய்வாளர்கள் 2015இல் எலிகளில் கண்டார்கள். முழுவதும் வெட்டி எடுத்தாயிற்று என்ற பின்னரும் கட்டி வருவது இதனால்தான், சத்திரசிகிச்சை பிழைத்ததால் அல்ல.

ஐரோப்பிய ஒன்றியத்தில் மூளைக் கட்டிக்கு இம்மருந்து அனுமதி பெறவில்லை. கிராங்கன்காசவிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வீக்கம் குறைந்து கொர்ட்டிசோனைக் குறைக்க முடிந்தால் அதுவும் ஒரு பயனே. "இது ஆயுளை நீட்டவா, அவதியைக் குறைக்கவா?" என்று வைத்தியரிடம் நேரே கேளுங்கள். மொழிபெயர்க்கப் பள்ளிப் பிள்ளையை அழைத்துப் போகாதீர்கள்; அந்தச் செய்தியைத் தாயிடம் சொல்லும் பாரம் பிள்ளைக்கு வேண்டாம்.

வளர்ந்தவருக்கு முதன்முறையாக வலிப்பு வந்தால் உடனே 112 ஐ அழையுங்கள். ஹைடல்பேர்க் யேர்மன் புற்றுநோய் ஆய்வு நிலையத்தின் கட்டணமற்ற தகவல் சேவை: 0800 420 30 40.