கூடிச் சொல்லும் கதையிற் காலம்: ஸ்பெஷல் நாடகமும் மேசைக் கதையாட்டமும்

செய்யுளின் உறுப்புக்களை 34 எனத் தொகுத்துரைத்த தொல்காப்பியர், அவற்றுள் கேட்போர், களன், காலம் என்னும் மூன்றையும் அடுத்தடுத்து வைத்தார். இவ்வைப்புமுறை சிந்தித்தற்குரியது. யார் கேட்கின்றனர், எங்கு நிகழ்கின்றது, எப்பொழுது நிகழ்கின்றது என்பன தம்முள் தொடர்புடையன. எழுதி முடிந்த நூலில் இத்தொடர்பினைப் புலவர் ஒருவரே அமைத்து விடுகின்றார். பொருந்தாத இடத்தைத் திருத்தவும் அவரால் இயலும். பலர் கூடி, எழுதாமல், அவ்வப்போது சொல்லிச் செல்லும் கதையிலோ சொன்னதை மீட்க இயலாது. அத்தகைய கதையில் காலத்தை நடத்துவது எவ்வாறு என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

இவ்வினாவுக்கு விடை காண இரண்டு கலைகளை ஒப்புநோக்குவாம். ஒன்று, தேனி, கம்பம் பள்ளத்தாக்கு உள்ளிட்ட மதுரை வட்டாரத்து ஊர்த் திருவிழாக்களில் நிகழும் ஸ்பெஷல் நாடகம். மற்றொன்று, மேலைநாட்டில் தோன்றிய மேசைக் கதையாட்டம். இரண்டாவதனைத் தமிழாய்வாளர் பலர் அறிந்திரார் ஆதலின் அதனை முதற்கண் விளக்குதல் வேண்டும்.

நால்வர் அல்லது ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதை நடத்துவோர். கற்பனை உலகின் மலை, காடு, அரசர், பூதம் ஆகிய அனைத்தும் அவர் வாய்மொழியாற் பிறக்கும். ஏனையோர் ஆளுக்கொரு கதைமாந்தராகித் தத்தம் செயலைத் தாமே முடிவு செய்து கூறுவர். ஐயத்திற்கிடமான முயற்சியின் விளைவைப் பகடை முடிவு செய்யும். இவ்வாறு வாரந்தோறும் கூடிப் பல திங்கள் ஒரே கதையைத் தொடர்வதும் உண்டு. இவ்வகையில் முதலில் அச்சாகி விற்பனைக்கு வந்தது, கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் அமைத்த ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ (1974) என்னும் ஆட்டமாகும். 1979இல் வெளிவந்த நடத்துவோர் கையேட்டில், கதையுள் கழியும் நாட்களுக்குக் கணக்கு வைத்தல் இன்றியமையாதது என்று கைகாக்ஸ் வற்புறுத்தினார்.

ஸ்பெஷல் நாடகத்தை நாம் அறிவோம். இராசபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், பின்பாட்டுக்காரர் ஆகியோர் தனித்தனியே ஒப்பந்தமாகி வருவர். ஒத்திகை இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) முதலியோர் வகுத்த கதையும் பாட்டும் எல்லார்க்கும் பொது. அன்றைய உரையாடலும் தர்க்கமும் அன்றைக்கே பிறப்பன. இரவு பத்து மணியளவில் தொடங்கி விடியும் வரை நிகழ்வது மரபு. ஆகவே, நடத்துவோர் ஒருவர் இல்லையேனும், கூடிச் சொல்லுதல் என்னும் இயல்பில் இவ்விரண்டும் ஒருசார் ஒக்கும்.

இக்கலைகளிற் காலம் மூவகையாக நடக்கின்றது எனலாம். கதையிற் கழியும் பொழுதைவிட அரங்கிற் கழியும் பொழுது மிகுவது விரிகாலம். அரங்கிற் கழிவதைவிடக் கதையிற் கழிவது மிகுவது சுருங்குகாலம். இடையிலுள்ளவற்றை விடுத்து மேற்செல்வது தாவுகாலம்.

‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் (2014) போரின் ஒரு சுற்று ஆறு விநாடியைக் குறிக்கும். அவ்வாறு விநாடியை ஆடி முடிக்கப் பல நிமிடம் செல்லலாம், இது விரிகாலம். பத்து நாள் வழிநடையைச் சில சொற்களிற் கடப்பது சுருங்குகாலம். நாடகத்திலும் ஒரு பாட்டுக்குள் காடு கடக்கப்படுகின்றது. ஆயின் நாரதரும் வள்ளியும் எதிர்நின்று தொடுக்கும் தர்க்கமோ மணிக்கணக்கில் நீள்கின்றது. எங்கே ஒருவர் முடிவு மற்றவர் முடிவை மாற்றுமோ அங்கே காலம் விரிதலும், மாறுதற்கு ஏதுமில்லாதவிடத்துச் சுருங்குதலும் இரண்டற்கும் பொதுவிதி என்க.

தாவுகாலமே இடர்ப்பாடுடையது. ‘ஓராண்டு கழிந்தது’ என்று சொல்லிவிடுதல் எளிது. கழிந்ததாகக் கேட்போர் உணர்தல் அரிது. எண் காலத்தை உணர்த்தாது. மாறிய பொருளே உணர்த்தும். கிரெக் ஸ்டாஃபோர்ட் ஆர்தர் மன்னன் கதையைத் தழுவி அமைத்த ‘பென்டிராகன்’ (1985) இதற்குத் தக்க வழி கண்டது. ஒரு வீரச்செயல் முடிந்ததும் கதையில் அவ்வாண்டு பெரும்பாலும் முடிவுறும். பின்னர் வரும் கூதிர்ப் பகுதியில் விளைச்சல், மகப்பேறு, மூப்பு ஆகியன கணக்கிடப்படும். வீரன் முதிர்ந்து மடிந்தபின் அவன் மகன் கதையைத் தொடர்வான். எனவே ஆடுவோர் ஆண்டினை எண்ணாலன்றி இழப்பாலும் பேற்றாலும் அறிகின்றனர்.

இவ்வுண்மை நம் அகமரபிற்குப் புதிதன்று. குறிஞ்சித் தலைவி தினைப்புனம் காக்கும் வரை பகற்குறி நிகழும். கதிர் முற்றிக் கொய்யப்பட்டதும் அவள் இற்செறிக்கப்படுவாள். தோழி வரைவு கடாவுவாள். அங்குத் தலைவனை நெருக்குவது நாட்கணக்கன்று, முற்றும் தினைக்கதிர். நிலத்தின் தொழிலே காலத்தின் எல்லையாகின்றது. கந்தபுராணத்து வள்ளி கதையும் இவ்வாறே நடக்கின்றது. தினை கொய்தபின் வள்ளி சிறுகுடிக்கு மீள்வதும், முருகன் நள்ளிரவில் வந்து அவளை உடன்கொண்டு போவதும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள். ‘வள்ளி திருமணம்’ நடிப்போர் ஆலோலம் பாடும் காட்சியை வெறும் இசைக்காட்சியாகக் கொள்ளின் இவ்வெல்லை மறையும். இன்னும் சின்னாளில் இப்புனம் வெறும் தட்டையாய் நிற்கும் என்பதனை அக்காட்சி உணர்த்துமாயின், பின்வரும் தர்க்கம் ஒவ்வொன்றும் விரைவு பெறும்.

‘அரிச்சந்திர மயான காண்டம்’ பிறிதொரு வழியைக் காட்டுகின்றது. நெடுங்காலத் துயரில் ஓர் இரவை மட்டும் தேர்ந்துகொண்டு அதனையே அந்நாடகம் விரிக்கின்றது. இறந்த மகனைச் சந்திரமதி சுடலைக்குக் கொணரும் கதையின் இரவும், ஊரார் விழித்திருக்கும் இரவும் ஒன்றாகின்றன. காண்போரின் கண்ணயர்வும் பனியும் கதைக்குள்ளேயே அடங்குகின்றன. முன் நிகழ்ந்தவை சொல்லளவில் வந்தால் போதும்.

இனி, கம்பம் பள்ளத்தாக்கினை நோக்குவாம். 1895இல் முடிவுற்ற முல்லைப் பெரியாறு அணையின் நீர் லோயர் கேம்ப் முதல் பழனிச்செட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக வயலுக்குப் பாய்கின்றது. முதற்போகத்திற்கு வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் நீர் திறக்கப்படும். அணையில் நீர் குறைந்த ஆண்டில் அது தள்ளிப்போகும். நாற்று, நடவு, அறுப்பு, மீண்டும் நாற்று என ஆண்டு இங்கே தொழிலால் அளக்கப்படுகின்றது. மேற்கே மலைச்சரிவில் குறிஞ்சி. கீழே ஆற்றுப் படுகையில் மருதம். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா. இப்பள்ளத்தாக்கில் கற்பனைக் கதையொன்றைத் தொடர்ந்தாட விழையும் இளைஞர் புதிய நாட்காட்டி எதனையும் தேட வேண்டுவதில்லை. ‘ஐந்து திங்கள் கழிந்தன’ என்பதனினும், ‘நீங்கள் புறப்பட்டபோது நாற்றங்காலில் நின்ற நெல் இப்பொழுது களத்தில் கிடக்கின்றது; கடன் கொடுத்தவனும் களத்தில் நிற்கின்றான்’ என்பது சிறந்த கூற்று. முன்னதிற் காலம் கழிந்தது. பின்னதிற் காலம் வந்து கதவைத் தட்டுகின்றது.

இவ்வாராய்ச்சி வெறும் ஒப்பீட்டோடு நில்லாமைக்கு ஒரு காரணம் உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளி ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்துகின்றன. அரசு குறிப்பிட்ட சில நாட்களுக்கு நள்ளிரவு வரை மட்டும் தளர்வு அளிக்கலாம். நோயாளிக்கும் மாணவர்க்கும் உறக்கம் வேண்டும் ஆதலின் அவ்விதியைக் குறை கூறுதல் தகாது. ஆயின் இரவு முழுவதற்கும் அமைந்த கலையை மூன்று மணிக்குள் அடக்க நேருமாயின் எதனைக் குறைப்பது என்னும் வினா எழுகின்றது. எல்லாவற்றையும் ஒரே அளவிற் குறைப்பின் தர்க்கம் வினாவிடையளவாகச் சுருங்கும். கதை மட்டும் எஞ்சும். கதையோ ஊரார் முன்பே அறிந்தது. அவர் அறியாதது அன்றைய தர்க்கம் ஒன்றே. ஆதலின் மயான காண்டம் காட்டிய நெறியைப் பின்பற்றி, முற்கதையைத் தாவி, ஒரு தர்க்கத்தை முழுமையாக விரித்தலே தகும். வாரம் மூன்று மணி நேரமே கூடும் மேசைக் கதையாட்டத்தார்க்கும் இது பொருந்தும்.

ஆய்வாளர்க்கும் இதிற் கடமை உண்டு. அச்சிட்ட நாடகப் புத்தகத்திற் பாட்டு இருக்கின்றது. அப்பாட்டுக்கு முன்னும் பின்னும் எத்துணைப் பொழுது சென்றது என்பது இல்லை. முழு இரவு நாடகத்தைக் கண்ட முதியோர் நம்மிடை இருக்கும்பொழுதே, எக்காட்சி எவ்வளவு நேரம் நின்றது, எங்கே விடிந்தது என்பவற்றைக் கேட்டுப் பதிதல் வேண்டும். காலமும் உறுப்பு எனக் கொண்ட இலக்கணத்தை உடைய நாம், அவ்வுறுப்பினை விடுத்து நாடகத்தைப் பதிப்பித்தல் முறையன்று.