ஆவுளியாவுக்கு வட்டி அஞ்சு

கே.கே. நகர் சிவன் பூங்காவில் காலையில் என்னோடு நடக்கிறவர், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். எதைச் சொன்னாலும் 72-ஐ வகுத்துப் பார்ப்பார். "அஞ்சு சதவீத வட்டின்னா பணம் ரெட்டிப்பாக பதினாலு வருஷம் சார். இருபதுன்னா நாலே வருஷம்."

எனக்குக் கடல் ஞாபகம் வந்தது. இருபது, கடல் நீர்நாய் பெருகக்கூடிய வேகம். அஞ்சு, நம் ஆவுளியாவின், அதாவது கடற்பசுவின், உச்சம்.

தோலுக்காக வேட்டையாடித் தீர்த்த நீர்நாய்களை 1965 முதல் 1972 வரை அலாஸ்காவிலிருந்து பிடித்துப்போய், அவை அற்றுப்போன கரைகளில் விட்டார்கள். தென்கிழக்கு அலாஸ்காவில் விட்ட நானூற்றுச் சொச்சம் இன்று இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டன. ஒரேகன் கரையில் விட்ட 93, பத்துப் பன்னிரண்டு வருடத்தில் சுவடே இல்லை. வட்டி அதேதான். கூட்டம் சிறியதென்றால், செத்ததும் சிதறியதும் போக வட்டி போட முதலே மிஞ்சுவதில்லை.

ஆவுளியா ஒரு வருடத்துக்கு மேல் சுமந்து ஒரே குட்டி போடும். அடுத்ததற்கு மூன்று முதல் ஏழு வருடம். இந்தியாவில் மிஞ்சியவை சுமார் 240 என்கிறது தமிழக அரசு. எல்லாம் கூடிவந்தாலும் வருடத்துக்குப் பன்னிரண்டுதான் கூடும். மாதம் ஒன்று வலையில் மூச்சுமுட்டிச் செத்தால் வட்டி மொத்தமும் காலி. அந்த 240-ம் ஒரே கணக்கில் இல்லை. தமிழகக் கடல், கட்ச் வளைகுடா, அந்தமான் என்று மூன்று கிளை. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்ற வழியில்லை.

"வெளியிலேர்ந்து கொண்டாந்து விட்டா என்ன?" என்றார் வங்கிக்காரர். நீர்நாய்க்கு அலாஸ்காவில் ஆயிரக்கணக்கில் இருப்பு இருந்தது. இங்கே எதை எடுப்பது? தொட்டியில் வளர்த்துப் பெருக்கவும் யாராலும் முடிந்ததில்லை.

ஆகவே இருக்கிற முதலைக் காக்கத்தான் 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டைக் கரையையொட்டி 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். அங்கே கடலடியில் ஆவுளியா தாழை எனும் கடற்புல்லைப் பிடுங்கித் தின்றுகொண்டே போன இடம், புல்வெளியில் ஏர் ஓட்டியதுபோல் வளைந்து வளைந்து கிடக்கும். சில நிமிடத்துக்கொரு தரம் மூச்சுவிட அது மேலே வந்தாக வேண்டும். வலை அதைத் தடுத்தால் தீர்ந்தது.

இப்போது பாக் நீரிணையில் வலையில் சிக்கியதை உயிரோடு விட்டுவிடுகிற மீனவர்கள் உண்டு. அரசு அவர்களுக்கு வெகுமதி தருகிறது. நானூறு கிலோ உடம்பு திமிறும்போது முடிச்சை அவிழ்க்கவா முடியும்? சொந்த வலையைத்தான் அறுக்க வேண்டும்.

வங்கிக்காரர் நின்றார். "வலை என்ன விலை சார்?"