9 மில்லிமீட்டர் ரகளை: ஒரு குட்டி விமானம் பிறக்கும் பட்டறைக்குள்ளே!

இடது இறக்கையையும் வலது இறக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாயிற்று. இடது இறக்கை சரி. வலது இறக்கை 9 மில்லிமீட்டர் நீளம் கூடுதல்! "அளந்ததுல தப்பே இல்லீங்க" என்று பெரியவர் அடித்துச் சொல்கிறார். சாட்சிக்கு, அளந்த ஸ்டீல் ஸ்கேலையே எடுத்து நீட்டுகிறார். அவருடைய தம்பி மகள் அதை வாங்கி, தன் ஜாமெட்ரி பாக்ஸில் இருந்த ஸ்கேலோடு சேர்த்துப் பிடித்துப் பார்க்கிறார். அவ்வளவுதான், கொட்டகையே அதிரும்படி சிரிப்பு! குற்றவாளி கையும் களவுமாகச் சிக்கிவிட்டது. யார் அது? கொஞ்சம் பொறுங்கள். முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள். தரையெல்லாம் குண்டூசி, பார்த்து!

கோவை கணபதியில், ஒரு மொட்டை மாடித் தகரக் கொட்டகை இது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பேட்டர்ன் மேக்கர். வார்ப்படப் பட்டறைகளில் இரும்பை உருக்கி ஊற்றும் முன், பம்பு உறையையும் மோட்டார் உறையையும் மரத்தில் அச்சு அசலாகச் செய்து கொடுப்பார்களே, அந்த வேலை. தம்பி மகள் ஏரோநாட்டிக்கல் படிக்கிறார். கணக்கு அவருடையது, கை பெரியப்பாவுடையது. இரண்டு பேரும் சேர்ந்து கட்டிக்கொண்டிருப்பது ஒரு புஸ் மாத் விமான மாடல்.

அந்த விமானம் நமக்கு அந்நியமில்லை. 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து தபால் பைகளோடு ஜே.ஆர்.டி. டாட்டா கிளம்பியது புஸ் மாத்தில்தான். வழியில் அகமதாபாத்தில் இறங்கினார். பெட்ரோல் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தது. ஊற்றிக்கொண்டு மும்பை ஜுஹுவில் போய் இறங்கினார். அங்கிருந்து தபாலைப் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். பிற்காலத்து ஏர் இந்தியாவுக்கு விதை அந்தப் பயணம். 1982-ல் அதே நாளில், 78 வயதில், ஜே.ஆர்.டி. அந்தப் பாதையில் மறுபடி பறந்தார். அப்போது அவர் ஓட்டியது, புஸ் மாத்துக்கு அடுத்து வந்த லெப்பர்ட் மாத்.

ஆறில் ஒரு பங்கு, 216-ல் ஒரு பங்கு!

சுவரில் பெரிய பிளான் தொங்குகிறது. அளவு 1:6. அசல் விமானத்தின் இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை 11.2 மீட்டர். மாடலில் அது சுமார் 1.87 மீட்டர். கொட்டகைக் கதவைவிட அகலம். முடித்த பிறகு எப்படி வெளியே எடுப்பீர்கள் என்று கேட்டேன். "புஸ் மாத்துக்கு இறக்கை மடங்குமுங்க!" அசலிலேயே அப்படித்தான். இறக்கைகளைப் பின்னால் மடித்துச் சின்னக் கொட்டகைக்குள் தள்ளிவிடலாம்.

எடைதான் வேடிக்கை. அசல் விமானம் முழு பாரத்தோடு சுமார் 930 கிலோ. ஆறில் ஒரு பங்கென்றால் 155 கிலோ என்று கணக்குப் போட்டு நான் வாயைப் பிளந்தேன். மகள் தலையாட்டிச் சிரிக்கிறார். நீளத்தில் ஆறு, அகலத்தில் ஆறு, உயரத்தில் ஆறு, மூன்றையும் பெருக்கினால் 216. ஆக எடை 4.3 கிலோ! அதற்குள் மரம், மோட்டார், பேட்டரி, பெயின்ட் எல்லாம் அடங்க வேண்டும்.

அதனால்தான் பால்சா. தென் அமெரிக்காவில் ஈக்வடார் பக்கத்திலிருந்துதான் உலகத்துக்கே பெரும்பாலும் வருகிறது. தேக்கு ஒரு கன மீட்டருக்கு 600 கிலோவைத் தாண்டும். நல்ல பால்சா 100 முதல் 200 கிலோவுக்குள் நிற்கும். ஒரே அளவுள்ள இரண்டு பலகைகளில் ஒன்று இன்னொன்றைவிட இரண்டு மடங்கு கனமாகக்கூட இருக்கும். ஆகவே இங்கே ஒவ்வொரு பலகையையும் எடை மிஷினில் போட்டு, கிராமைப் பென்சிலால் அதன்மேலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இளசு, இலேசு எல்லாம் வாலுக்கு. கனமும் உறுதியும் இறக்கையின் குறுக்கே ஓடும் ஸ்பாருக்கு. பால்சா விளையாட்டுச் சாமான் செய்யும் மரம் என்று நினைக்காதீர்கள். புஸ் மாத்தைச் செய்த அதே டி ஹாவிலண்ட் கம்பெனி, இரண்டாம் உலகப் போரின் மஸ்கிட்டோ விமானத்துக்கு உடம்பு செய்தது இரண்டு பிளைவுட் தகடுகளுக்கு நடுவே பால்சாவை வைத்துத்தான்.

குற்றவாளி சிக்கிய கதை

சரி, அந்த 9 மில்லிமீட்டர்? பிளானில் இடது இறக்கை மட்டும்தான் வரைந்திருந்தது. தாளை மிச்சம் பிடிக்க வரைபவர்கள் வழக்கமாகச் செய்வது அது. இடது இறக்கையைப் பிளான்மேலேயே வைத்துக் கட்டியாயிற்று. வலது இறக்கைக்காகப் பெரியவர் பிரவுன் தாளில் தன் கையாலேயே புதுப் படம் வரைந்தார். எடுத்த ஸ்கேல், 40 வருடமாகக் கைக்குப் பழகிய ஸ்கேல். அங்கேதான் வந்தது வினை!

பேட்டர்ன் மேக்கர்களின் ஸ்கேல் நம் ஸ்கேல் இல்லை. உருகிய இரும்பு ஆறும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். அதனால் மர அச்சை அந்த அளவு பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் பிழைப்பு ஓடாது. எனவே கோடுகளையே ஒரு சதவீதம் தள்ளித் தள்ளிப் போட்ட ஷ்ரிங்கேஜ் ஸ்கேல் என்று தனியாக ஒன்று உண்டு. பார்வைக்குச் சாதாரண ஸ்கேல் மாதிரியே இருக்கும். அதில் 90 சென்டிமீட்டர் அளந்தால் நிஜத்தில் 90.9! "ஏனுங் பெரீப்பா, இறக்கை ஆறுனா சுருங்கீருங்களா?" என்று மகள் கேட்க, பெரியவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்.

சிரிப்பு முடிந்ததும் சிகிச்சை. இறக்கையின் வடிவத்தைத் தரும் ரிப்புகள் எல்லாம் ஒரே அச்சில் வைத்து அறுத்தவை. பால்சாத் துண்டுகளை அடுக்கி, இரண்டு பிளைவுட் அச்சுகளுக்கு நடுவே போல்ட் போட்டு இறுக்கி, மொத்தமாக உப்புத்தாளில் தேய்த்தது. அவற்றில் பிசகில்லை. இடைவெளிகள்தான் இழுபட்டிருக்கின்றன. ஆக, உடம்போடு சேரும் முதல் ரிப்பைப் பிரித்து, ஸ்பாரை 9 மில்லிமீட்டர் நறுக்கி, ரிப்பை மறுபடி ஒட்டினால் நீளம் சரி. ஆனால் மகள் விடவில்லை. இறக்கையின் நடுவில் தாங்குகம்பி மாட்டும் இடம் முதலில் நாலரை மில்லிமீட்டர் வெளியே போயிருந்தது. உட்பக்கம் 9 நறுக்கியதும் அது நாலரை உள்ளே வந்துவிடும்! அங்கே புதிதாக ஒரு பிளைவுட் துண்டை வைத்து ஒட்டி, ஓட்டையை மாற்றிப் போட்டார்கள். ஒரு தப்பைத் திருத்தினால் அதன் அண்ணன் தம்பிகளையும் தேடிப் பிடிக்க வேண்டும் என்பது இந்தப் பட்டறையின் சட்டம்.

இத்தனைக்கும் வலது இறக்கைக்குப் புதுப் படமே வேண்டியதில்லை. ஒரு பஞ்சில் கொஞ்சம் சமையல் எண்ணெய் தொட்டு பிளானில் தேய்த்தால், தாள் கண்ணாடிபோல ஆகிவிடும். திருப்பிப் போட்டால் இடது இறக்கையின் கோடுகள் வலது இறக்கையாகத் தெரியும்! மேலே ஒரு பாலித்தீன் தாளை விரித்துக் கட்ட வேண்டியதுதான். மாடல் கட்டுகிறவர்களின் பழைய தந்திரம் இது. பிறகு வால் பகுதிக்கு அதைத்தான் செய்தார்கள். கொட்டகை முழுக்கக் கடலை எண்ணெய் வாசம்.

தப்பு மாதிரி தெரியும் சரிகள்

மூக்கைப் பார்த்ததும், "மோட்டார் கோணலா இருக்கே!" என்று நான் கத்திவிட்டேன். வேண்டுமென்றே அப்படித்தானாம். மோட்டாரை ஓரிரு டிகிரி கீழேயும் வலப்பக்கமும் சாய்த்து வைத்தால்தான், முழு வேகத்தில் விமானம் மூக்கைத் தூக்காமலும் இடப்பக்கம் இழுக்காமலும் போகும். இறக்கை முனையும் அப்படியே. அதன் பின்விளிம்பு லேசாக மேலே முறுக்கியிருக்கிறது. வேகம் குறையும்போது முனை முதலில் விழாமல் இருக்க அந்த முறுக்கு. இரண்டு இறக்கையிலும் ஒரே அளவு இருந்தால் வரம், ஒன்றில் மட்டும் இருந்தால் சாபம்.

துணி போர்த்தியபோது அந்தச் சாபமும் வந்தது. சூட்டில் சுருங்கும் பாலியஸ்டர் துணியை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டுகிறார்கள். ஒரு பக்கம் சூடு அதிகமானால் துணி இழுத்து இறக்கையையே முறுக்கிவிடும். வலது இறக்கை முறுக்கிக்கொண்டது. பிரிக்கவெல்லாம் இல்லை! ஒருவர் எதிர்ப்பக்கமாக முறுக்கிப் பிடிக்க, இன்னொருவர் மறுபடி சூடு காட்ட, ஆறியதும் நேராக நின்றது. அடிபட்டுப் பள்ளம் விழுந்த பால்சாவுக்கு இன்னும் சுலபமான வைத்தியம்: பள்ளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர், மேலே சூடான இஸ்திரிப் பெட்டி. அமுங்கிய மரம் உப்பி எழுந்துவிடுகிறது. மந்திரம் போலப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அசல் விமானத்துக்கும் திருத்தம் உண்டு

இறக்கையைத் தாங்கும் கம்பிகளுக்கு நடுவே குட்டியாக இன்னொரு கம்பி போகிறதே, அது எதற்கு? பெரியவர் கொஞ்சம் குரலைத் தாழ்த்துகிறார். 1930 முதல் சில வருடங்களில் பல புஸ் மாத்கள் பறக்கும்போதே இறக்கை முறிந்து விழுந்தன. உயிர்கள் போயின. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆய்வுக்கூடத்தில் பரிசோதித்தார்கள். கொந்தளிப்பான காற்றில் இறக்கை அதிர்ந்து அதிர்ந்து முறிகிறது என்று புரிந்தது. துணைக்கம்பி ஒன்றைச் சேர்த்து விறைப்பாக்கினார்கள். ஆகவே நீங்கள் கட்டுவது எந்த வருடத்து விமானம் என்று முடிவு செய்யாமல் அந்தக் கம்பியைப் போடவும் முடியாது, விடவும் முடியாது. அசல் விமானத்துக்குப் பிளான் போட்டவர்கள் பெரிய கம்பெனியின் தேர்ந்த இன்ஜினியர்கள். அவர்களுக்கே திருத்தம் தேவைப்பட்டது என்பதைச் சொல்லிவிட்டு, பெரியவர் மறுபடி உப்புத்தாளை எடுக்கிறார்.

அசலில் இன்னொரு குறும்பும் இருக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் காலின் உறையை 90 டிகிரி திருப்பினால் அது காற்றைத் தடுத்து பிரேக் மாதிரி வேலை செய்யும்! அதையும் மாடலில் வைத்தே தீருவேன் என்கிறார் மகள். அதற்கு ஒரு சர்வோ மோட்டார் கூடும், எடையும் கூடும் என்கிறார் பெரியப்பா. அன்று நான் கிளம்பும்வரை வழக்கு முடியவில்லை.

எடை என்றால் இங்கே எல்லோருக்கும் பயம், அதிலும் வால் எடை என்றால் கேட்கவே வேண்டாம்! முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தில் நாலில் ஒரு பங்குக்குச் சற்றுப் பின்னால் இரண்டு விரலால் தூக்கினால், மாடல் மட்டமாக நிற்க வேண்டும். வால் தொங்கினால் பறக்காது, பல்டி அடிக்கும். வால் வெகு தூரத்தில் இருக்கிறது, மூக்கு கிட்டத்தில் இருக்கிறது. அதனால் வாலில் 10 கிராம் கூடினால் மூக்கில் 20, 30 கிராம் ஈயம் வைத்தாக வேண்டும். முதல் முறை தூக்கியபோது வால் பொத்தென்று தொங்கியது. ஈயத்தைத் தேடுவதற்கு முன்னால் பேட்டரியை மூக்குப் பக்கம் தள்ளினார்கள். பாதிக் கோளாறு காசில்லாமல் தீர்ந்தது.

கடைசிச் சோதனை ரிமோட். குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது இறக்கையின் பின்மடல் மேலே எழ வேண்டும். தள்ளினார்கள். கீழே போனது! இப்படியே பறக்கவிட்டிருந்தால் வலப்பக்கம் திருப்பத் திருப்ப இடப்பக்கம் புரண்டு தரையைக் குத்தியிருக்கும். திருத்த ஆன நேரம், ரிமோட்டின் மெனுவில் ஒரு பொத்தானை அமுக்கும் நேரம்.

பறக்கவிடுவது இந்த மாடியில் நடக்காது. பீளமேடு விமான நிலையம் கூப்பிடு தூரம். 2021-ன் டிரோன் விதிகளின்படி ஆளில்லாமல் பறக்கும் எதற்கும் எங்கே தடை, எங்கே அனுமதி என்று டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துவிட்டுத்தான் மைதானத்தையே தேட வேண்டும்.

எனக்குத் தெரிந்தவரை இந்தக் கலையில் கட்டுவது பாதிதான். மீதிப் பாதி, கட்டியதைப் பிரித்துச் சரிசெய்வது. அந்தப் பாதியில்தான் கூத்தும் படிப்பும் இருக்கின்றன. உங்களுக்கும் கை அரிக்கிறதா? எடுத்த எடுப்பில் 4 கிலோ புஸ் மாத் வேண்டாம். ரப்பர் பேண்டில் ஓடும் ஒரு சின்ன பால்சா விமானத்தில் ஆரம்பியுங்கள். பிளானில் அச்சான அளவுக்கோட்டை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்து பார்த்த பிறகே பிளேடைத் தொடுங்கள், பிரின்ட் போடும்போது தாள் இழுபட்டிருக்கலாம். ஒட்டுவதற்கு பெவிகால் போதும். தப்பாக ஒட்டிவிட்டால் தண்ணீரும் சூடும் காட்டிப் பிரித்துவிடலாம். பெவிக்விக்கை மட்டும் கை பழகும்வரை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள்!