பெருவிடைக்கு ஒரு வீடு

பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு பெருவிடைச் சேவல் அடையப் போவதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். சிறுவிடை என்றால் இறக்கையை ஒரு தட்டுத் தட்டி முருங்கைக் கிளையில் ஏறி உட்கார்ந்துவிடும். பெருவிடை அப்படிச் செய்யாது. கழுத்தை நீட்டி உயரத்தை அளக்கும், ஒரு காலைத் தூக்கி யோசிக்கும், கடைசியில் மொத்த உடம்பையும் எக்கி ஏறும். ஏறுவது கூடப் பெரிதில்லை. விடிந்ததும் அது இறங்குகிறபோது 'தொப்'பென்று ஒரு சத்தம் கேட்கும். நாலு கிலோவுக்கு மேல் எடையுள்ள உடம்பு இரண்டு பாதங்களில் விழுகிற சத்தம் அது. கூட்டின் உள்ளமைப்பு பற்றிய பேச்சை அந்தச் சத்தத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் கோழிக்கூடு என்றால், வீட்டுச் சுவரை ஒட்டி மண்ணிலோ செங்கலிலோ கட்டிய முழங்கால் உயரப் பொந்துதான் பெரியவர்களுக்கு நினைவு வரும். முன்னால் சின்ன வாசல், அதை அடைக்க ஒரு பலகை. குஞ்சுக்கோழிக்கு மூங்கில் பஞ்சாரம். ஒன்றரைக் கிலோ தேறாத சிறுவிடைக்கு இது போதும். ராத்திரி மரநாய்க்குத் தப்பினால் சரி, பகலெல்லாம் அது குப்பைமேட்டில் கிடக்கும். பெருவிடையை அதற்குள் தள்ளினால் கொண்டை மேலே இடிக்கும், வால் சுவரில் உரசும், திரும்ப இடமிருக்காது. பெட்டையே மூன்று கிலோ வரும்.

பெருவிடை என்று நம்மூரில் சொல்வது அசீல் வழியில் வந்த உயரமான, நெஞ்சு விரிந்த, எலும்பு பருத்த கோழிகளை. நிறத்தை வைத்துக் காகம், கீரி, மயில், வல்லூறு என்று கூப்பிடுவார்கள். விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் சண்டையில் செத்த சேவலுக்கு எழுத்து வெட்டிய நடுகல் ஒன்று நிற்கிறது. வயது சுமார் 1,500 ஆண்டு. 2011இல் வந்த 'ஆடுகளம்' படம் மதுரைச் சேவல்காரர்களை ஊரறியச் செய்தது. விலங்குகளை மோதவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனாலும் பறவை போகவில்லை. கறிக்கு, அடைக்கு, திண்டுக்கல் பக்கம் நடக்கும் கிளிமூக்கு விசிறிவால் சேவல் கண்காட்சிக்கு என்று அதை வளர்க்கிறவர்கள் நிறையவே இருக்கிறார்கள். இன்னொரு சேதியும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக்குப் போன அசீல் ரத்தத்தில் உருவானதுதான் கார்னிஷ் இனம். இன்றைய பிராய்லருக்கு அது தகப்பன் வழி. கறிக்கடைக் கூண்டில் படுத்துக் கிடக்கும் வெள்ளைக்கோழியும் ஒருவகையில் நம் பெருவிடைக்குப் பங்காளிதான்.

கூட்டுக்குள் முதலில் பார்க்க வேண்டியது அடைகிற சட்டம். பலரும் நாலடி உயரத்தில் இரும்புக் குழாயை மாட்டிவிடுகிறார்கள். வழவழப்பு, கோடையில் சூடு, அதோடு உருண்டை. கனத்த கோழி தன் மார்பெலும்பின் மேல்தான் பாரத்தை இறக்கி உட்காரும். ராத்திரி முழுக்க ஒல்லிக் குழாயில் உட்கார்ந்தால் அந்த எலும்பு நாளடைவில் குழிந்துவிடும், இல்லையென்றால் கோணும். உயரத்திலிருந்து குதிக்கக் குதிக்கப் பாதத்தின் அடிப்பஞ்சில் சிறு கீறல் விழும். அதன் வழியே கிருமி புகுந்து வீங்கி, நடுவில் கறுத்த பொருக்கு கட்டி, சேவல் ஒரு காலைத் தூக்கியே நிற்கும். கால்வீக்கம் என்று மஞ்சள் பற்றுப் போடுவார்கள். மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும். சட்டத்தைத் தாழ்த்தாவிட்டால் அது திரும்ப வரும்.

ஆகவே சட்டம் மூன்று நான்கு அங்குல அகலத்தில், தட்டையாக, ஓரம் மழுக்கியதாக இருக்க வேண்டும். பழைய வீடு பிரிக்கிற இடத்தில் கிடைக்கும் வேப்பஞ்சட்டமோ பனஞ்சட்டமோ போதும். தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் போக வேண்டாம். ஒரு பறவைக்கு ஓரடி நீளம். சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே விசிறிவால் சேவலென்றால் இரண்டடியாவது விட வேண்டும். வால் முறிந்த சேவலைக் கண்காட்சியில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஏணிப்படி மாதிரி ஒன்றுக்குமேல் ஒன்றாகச் சட்டம் அடிப்பது பார்க்க அழகுதான். ஆனால் மேல்படிக்குத் தினமும் சண்டை நடக்கும், கீழே இருப்பதன் முதுகில் எச்சம் விழும். எல்லாம் ஒரே மட்டத்தில் இருப்பதே நல்லது. சட்டத்தை ஆணியடித்து இறுக்காமல் கவட்டையில் வைத்து எடுக்கிற மாதிரி விட்டால் செள்ளுக்கும் உண்ணிக்கும் வழி அடைபடும். அவை பகலெல்லாம் மரச்சந்தில் ஒளிந்திருந்து ராத்திரி வந்து ரத்தம் குடிக்கிறவை. மாதம் ஒருதரம் சட்டத்தைக் கழற்றி வெயிலில் போட்டு, சந்துகளில் தீ காட்டலாம்.

இந்த இனத்தின் குணம் ஒன்று கூட்டின் வரைபடத்தையே மாற்றிவிடும். இரண்டு சேவல்கள் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது. சில வாரக் குஞ்சுகளே கொத்திக்கொள்ளும். நடுவில் கம்பிவலை மட்டும் இருந்தால் வலை வழியாகவே மோதி, அலகும் கொண்டையும் ரத்தமாகும். அதனால் ஒவ்வொரு சேவலுக்கும் நாலுக்கு நாலடியில் தனி அறை. நடுத்தடுப்பு கீழே மூன்றடிக்குப் பலகையாலோ செங்கலாலோ அடைத்து, மேலே மட்டும் வலை. காற்று போகும், கண் போகாது. கூவுகிற சத்தம் கேட்டுவிட்டுப் போகட்டும், அதற்கு மருந்தில்லை.

தரைக்கணக்கு சாதாரண நாட்டுக்கோழிக்கு ஆளுக்கு இரண்டு சதுர அடி என்பார்கள். பெருவிடைக்கு அதைப்போல் இரு மடங்கு கொடுத்தால்தான் கூட்டுக்குள் சச்சரவு குறையும். வெறும் சிமென்ட் தரை பாதத்துக்கு எதிரி. சோழவந்தான், வாடிப்பட்டி பக்கம் அரிசி ஆலை உமிக்குப் பஞ்சமில்லை. நாலு அங்குலத்துக்குப் பரப்பி, இரண்டு நாளைக்கு ஒருதரம் கிளறிவிட வேண்டும். நிலக்கடலைத் தோலும் தென்னைநார்க் கழிவும் ஆகும். உள்ளே குனிந்ததும் மூக்கில் சுரீரென்று ஏறினால் உமி ஈரமாகிவிட்டது என்று அர்த்தம். திருமங்கலம், கள்ளிக்குடிக் கரிசலில் கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடும். எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். அங்கே தரையை ஓரடி உயர்த்திக் கல்பாவுவது வீண்செலவல்ல.

முட்டைக் கூடையிலும் எடைதான் வம்பு. ஓரடிச் சதுரப் பெட்டி சிறுவிடைக்குப் போதும். பெருவிடை அதில் மேலிருந்து குதித்தால் இருந்த முட்டை உடையும். ஒன்றேகால் அடிச் சதுரம், பக்கவாட்டில் வாசல், வைக்கோல் சரியாமல் நாலு அங்குலத் தடுப்பு. தரை மட்டத்திலேயே இருந்தால் நடந்து உள்ளே போய் அமரும். அடையில் இது கெட்டிக்காரி, 21 நாளும் எழுந்திருக்க மனம் வராது. கூடையில் இரும்புத்துண்டும் கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் போடுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. இடியில் முட்டை கூமுட்டையாகாமல் இருக்கவாம். முட்டைக்கு அதனால் கெடுதல் ஒன்றுமில்லை.

வெப்பத்தை மறந்துவிட்டுக் கட்டுகிற கூடுகள் இப்போது அதிகம். குளிர்நாட்டு வீடியோ பார்த்து, நாலு பக்கமும் பலகை அடித்து, சின்ன ஜன்னல் வைத்த அழகான மரவீடுகள். மதுரைச் சித்திரையில் அது அடுப்பு. கோழிக்கு வியர்க்காது, வாயைப் பிளந்து இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். அதன் உடல்வெப்பம் ஏறக்குறைய 41 டிகிரி. வெளியே 40 அடிக்கிற நாளில் சூட்டைக் கொண்டுபோய்க் கொட்ட இடமில்லை. கூட்டின் நீளம் கிழக்கு மேற்காக அமைந்தால் வெயில் நேரே உள்ளே விழாது. நீளப்பக்கச் சுவர் ஒன்றரை அடிதான், அதற்குமேல் வலை. குறுக்குச் சுவரை முழுதாக அடைத்துவிடலாம். மேற்கிலிருந்து புழுதியோடு வரும் ஆடிக்காற்றை அது தாங்கும். மூன்றடி இறவாரம் விட்டால் ஐப்பசிச் சாரல் உமியை நனைக்காது. தகரம் போட்டவர்கள் மேலே கிடுகு பரப்பிக்கொள்ளலாம். தண்ணீர்ச் சட்டியும் தீவனத் தொட்டியும் கோழியின் முதுகு மட்டத்துக்கு இருக்கட்டும். தரையில் வைத்தால் கிளறிக் கொட்டிவிடும். நாட்டுக்கோழி வளர்ப்பில் இறங்குகிறவர்கள், திருப்பரங்குன்றத்தில் இருக்கும் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையத்தில் விசாரித்துவிட்டுக் கொத்தனாரைக் கூப்பிடலாம்.

இத்தனையும் செய்து முடித்த கூட்டிலும் ஒரு மூலையில் ஆணியடித்துப் பழைய பஞ்சாரத்தை மாட்டி வைத்திருப்பார்கள். குஞ்சு பொரித்த தாயை முதல் சில நாள் கவிழ்த்துப் போட அதைவிட வசதியானது இன்னும் அமையவில்லை. என்ன, பெருவிடைத் தாய் உள்ளே நின்றால் தலை மேலே முட்டும். அதனால் இவர்கள் முடைகிறவரிடம் போய், பஞ்சாரத்தை ஒரு சாண் உயர்த்திப் பின்னச் சொல்லி வாங்கி வருகிறார்கள்.