உங்க பிடிஎஃப்-ஐ காப்பி பண்ணிப் பாத்தீங்களா?

போன இதழ் வெளியான மறுநாள், ஃபர்ஸ்ட் இயர் தம்பி ஒருத்தன் லைப்ரரி வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டான். அவனுக்குப் பார்வை கிடையாது. கையில் ஒரு ஆண்ட்ராய்டு டேப், காதில் இயர்போன். "அக்கா, நீங்க எழுதின கட்டுரையைக் கேக்கலாம்னு பாத்தேன். டேப் வேற என்னமோ சொல்லுது. கேளுங்களேன்" என்று இயர்போனின் ஒரு பக்கத்தை நீட்டினான்.

திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வசதி ரொம்ப சீரியஸாகப் படித்துக்கொண்டிருந்தது: "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்..."

அந்த இடத்தில் திரையில் என் கண்ணுக்குத் தெரிந்த வார்த்தை 'தமிழ்'.

எனக்கு முதலில் டேப் மேல்தான் சந்தேகம். செட்டிங்ஸில் மொழியை மாற்றினேன், ரீஸ்டார்ட் பண்ணினேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அந்த வார்த்தையை அழுத்திப் பிடித்து, காப்பி பண்ணி, நோட்ஸ் ஆப்பில் பேஸ்ட் பண்ணினேன். அங்கேயும் அதே நாலு ஆங்கில எழுத்து, ஒரு அரைப்புள்ளி. தப்பு அவன் டேப்பில் இல்லை. நாங்க செஞ்ச பிடிஎஃப்பில் இருந்தது.

தினமும் நூறு தடவை காப்பி-பேஸ்ட் பண்ணுகிறோம். ஆனால் காப்பி பண்ணும்போது உண்மையில் எது போகிறது என்று நான் யோசித்ததே இல்லை. அன்றைக்குத்தான் தேடிப் படித்தேன். படித்ததை இங்கே பகிர்கிறேன்.

போவது எழுத்து இல்லை, எண்

டேப்பில் ஒரு வார்த்தையை அழுத்திப் பிடித்தால் அது நீல நிறமாகி, இரண்டு பக்கமும் கைப்பிடி மாதிரி இரண்டு குமிழ்கள் வரும். அவற்றை இழுத்து எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு செலக்ட் பண்ணி, மேலே வரும் மெனுவில் காப்பியைத் தட்டுகிறோம். இவ்வளவுதான் நமக்குத் தெரிந்த கதை.

கட், காப்பி, பேஸ்ட் என்ற முறையை 1970களின் நடுவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையத்தில் லாரி டெஸ்லர், டிம் மாட் இருவரும் 'ஜிப்சி' என்ற எடிட்டருக்காக உருவாக்கினார்கள். அது மவுஸ் வைத்து வேலை பார்த்த கம்ப்யூட்டர். தொடுதிரையில் அதே விரல்தான் ஸ்க்ரோல் பண்ணவும் வேண்டும், செலக்ட் பண்ணவும் வேண்டும். 2007-ல் வந்த முதல் ஐபோனில் காப்பி-பேஸ்ட்டே கிடையாது. அது 2009 ஜூனில்தான் வந்தது.

சரி, காப்பியைத் தட்டினால் என்ன ஆகும்? திரையில் தெரிகிற படத்தை டேப் எடுப்பதில்லை. அந்தப் படத்துக்குப் பின்னால் சேமித்து வைத்திருக்கும் எண்களை எடுத்து, கிளிப்போர்டு என்ற தற்காலிக இடத்தில் வைக்கிறது. உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் ஆளுக்கொரு எண் கொடுத்திருக்கும் பட்டியல்தான் யூனிகோட். 1991-ல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இருக்கிறது. அதன்படி 'தமிழ்' என்ற வார்த்தை இப்படித்தான் சேமிக்கப்படும்:

2980, 2990, 3007, 2996, 3021.

த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, டேப்புக்கு ஐந்து எண். சந்தேகமாக இருந்தால் ஆண்ட்ராய்டு டேப்பில் 'ழ்' என்று டைப் பண்ணி ஒரு தடவை பேக்ஸ்பேஸ் தட்டுங்க. பொதுவாகப் புள்ளி மட்டும் போய் 'ழ' மிஞ்சும். ஒரு எழுத்துக்குப் பின்னால் இரண்டு எண் இருப்பது அப்போது புரியும்.

பேஸ்ட் பண்ணும்போது இன்னொரு விஷயமும் நடக்கிறது. ஒரு வெப் பக்கத்திலிருந்து காப்பி பண்ணினால், கிளிப்போர்டில் ஒரே உள்ளடக்கம் பல வடிவத்தில் உட்காரும்: வெறும் எழுத்தாக ஒன்று, கலர், ஃபான்ட், லிங்க் எல்லாம் சேர்த்து ஒன்று. பேஸ்ட் ஆகும் இடத்தில் இருக்கும் ஆப் தனக்குப் புரிவதை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் ரிப்போர்ட்டில் பேஸ்ட் பண்ணின பத்தி மட்டும் வேறு சைஸில், சாம்பல் நிறப் பின்னணியோடு வந்து நிற்கிறது. மெனுவில் 'பேஸ்ட் ஆஸ் ப்ளெயின் டெக்ஸ்ட்' இருந்தால் அதைத் தட்டுங்க. எண்கள் மட்டும் வரும், மேக்கப் வராது.

ஆக, கண்ணுக்குத் தெரிவது ஒன்று, காப்பி ஆவது இன்னொன்று. இரண்டும் ஒத்துப்போகும் வரை பிரச்சினை இல்லை. தமிழ் பிடிஎஃப்களில் அது மூன்று விதமாக ஒத்துப்போகாமல் போகிறது.

ஒன்று: ஆங்கிலக் குப்பை வருகிறது

இதுதான் எங்க இதழுக்கு நடந்தது. எங்க டிசைன் டெம்ப்ளேட் பல வருஷமாக சீனியர்கள் கைமாற்றிக் கொடுத்தது. அதில் இருந்தது பாமினி ஃபான்ட்.

பாமினி மாதிரியான பழைய ஃபான்ட்கள் செய்தது ஒரு புத்திசாலித்தனமான ஏமாற்று வேலை. ஆங்கில எழுத்துகளின் எண்களை அப்படியே வைத்துக்கொண்டு, படத்தை மட்டும் தமிழாக மாற்றிவிட்டார்கள். ஆங்கில 'ஜே'யின் எண் 106. பாமினியில் 106 வந்தால் 'த' படத்தை வரை. 107 வந்தால் 'ம'. அப்புறம் 112, 111, 59. திரையில் அழகாக 'தமிழ்' தெரியும். உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி.

அந்தக் காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. பேஜ்மேக்கர் மாதிரி டிடிபி மென்பொருள்களுக்குத் தமிழ் யூனிகோடைச் சரியாகக் கோர்த்துக் காட்டத் தெரியாது. அச்சடித்துக் காகிதமாகக் கொடுப்பதற்கு இந்த வழி போதும். காகிதத்தை யாரும் காப்பி பண்ணப் போவதில்லை. ஆனால் 2010-லேயே தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. இன்னமும் நாம பழைய ஃபான்ட்டில் மின்னிதழ் போடுவதற்கு நியாயமே இல்லை.

இரண்டு: தமிழ்தான் வருகிறது, ஆனால் உடைந்து வருகிறது

'சரி, யூனிகோட் ஃபான்ட் போட்டால் முடிந்தது' என்றுதான் நாங்களும் நினைத்தோம். ஒரு பக்கத்தை மாற்றி பிடிஎஃப் எடுத்து காப்பி பண்ணினால், கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகத் தனித்தனியே வந்தது. சில எழுத்துகள் காணவே இல்லை.

காரணம் பிடிஎஃப்பின் சுபாவம். 1993-ல் அடோபி கொண்டுவந்த இந்த வடிவத்தின் முக்கிய நோக்கம், எந்த மெஷினில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பது. அதனால் அதற்குள் பெரும்பாலும் இருப்பது 'இந்த ஃபான்ட்டின் இத்தனையாவது வடிவத்தை இந்த இடத்தில் வரை' என்ற கட்டளைகள். எந்த வடிவம் எந்த எழுத்து என்று சொல்ல 'டுயூனிகோட்' என்ற தனி அட்டவணை உள்ளே இருக்க வேண்டும். அது இல்லாவிட்டாலும் தப்பாக இருந்தாலும் திரையில் ஒரு குறையும் தெரியாது. காப்பி பண்ணினால்தான் குட்டு வெளிப்படும்.

ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒரு வடிவத்துக்கு ஒரு எழுத்து. தமிழில் அப்படி இல்லை. 'கு' என்பது ஒரே வடிவம், ஆனால் இரண்டு எண் (2965, 3009). 'கொ' அதற்கு நேர் எதிர். யூனிகோடில் முதலில் க, பிறகு ஒகரக் குறி: 2965, 3018. ஆனால் பக்கத்தில் வரையும்போது முதலில் கொம்பு, நடுவில் க, கடைசியில் கால். வரைந்த வரிசையிலேயே காப்பி எடுத்தால் கொம்பு முன்னாடியே வந்து முந்தின எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். வார்த்தையே மாறிவிடும்.

மூன்று: எதுவுமே வரவில்லை

எத்தனை நேரம் அழுத்திப் பிடித்தாலும் நீலக் குமிழ் வராத பக்கம். அது எழுத்தே இல்லை, படம். ஸ்கேன் பண்ணின பழைய நோட்ஸ், போஸ்டர் மாதிரி டிசைன் பண்ணி ஜேபெக்காகப் போட்ட கவிதை எல்லாம் இந்த வகை. டாக்பேக் அங்கே வெறும் 'இமேஜ்' என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் போய்விடும்.

இதனால் என்ன போச்சு?

நாம கண்ணால் படிக்கிறோம், அதனால் தெரிவதில்லை. ஆனால் யோசித்துப் பாருங்க. காப்பி கட்டளைக்குக் கிடைக்கும் அதே எண்கள்தான் டாக்பேக்குக்கும் கிடைக்கின்றன. பிடிஎஃப்புக்குள் தேடும் சர்ச் பாக்ஸும் அதைத்தான் பார்க்கிறது. கூகுளும் அதைத்தான் பார்க்கிறது. எங்க பழைய இதழ்களைத் திறந்து 'மின்சாரம்' என்று தேடினேன். மின்சாரத்தைப் பற்றியே நாலு பக்கக் கட்டுரை இருக்கும் இதழிலும் 'முடிவுகள் இல்லை'. சீனியர்கள் ராத்திரி கண் விழித்து எழுதினது எல்லாம் இணையத்தில் இருக்கிறது, ஆனால் தேடினால் இல்லை.

அந்தத் தம்பியின் நிலைமை இதைவிட மோசம். நமக்குத் தேடுவதில்தான் தொல்லை. அவனுக்குப் படிப்பதே முடியாது. தமிழில் கிடைக்கும் செமஸ்டர் நோட்ஸ் எத்தனை இந்த மூன்று வகையில் ஒன்றாக இருக்கும் என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

எப்படிச் சரி பண்ணுவது?

நாங்க பண்ணினதை வரிசையாகச் சொல்கிறேன்.

பாமினியில் இருந்தவற்றை யூனிகோடாக மாற்ற இலவச மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன. டேப் ப்ரௌசரிலேயே வேலை நடக்கும். காப்பி பண்ணி, அதில் பேஸ்ட் பண்ணி, மாறி வந்ததை எடுத்துக்கொள்ளலாம். ஒரே எச்சரிக்கை: நம்ம கட்டுரைகளில் நடுநடுவே ஆங்கில எழுத்தில் சென்சார் பெயர், ப்ரோக்ராம் வரி எல்லாம் இருக்கும். அவை நிஜ ஆங்கிலம் என்று மாற்றிக்குத் தெரியாது, அவற்றையும் தமிழ்க் குப்பையாக்கிவிடும். அந்த வார்த்தைகளை மட்டும் கையால் திருத்த வேண்டும்.

உடைந்து வரும் பிடிஎஃப்புக்கு நல்ல மருந்து, அதன் மூல ஃபைலைக் கேட்டு வாங்குவது. அது கிடைக்காவிட்டால் ஓசிஆர், அதாவது படத்தைப் பார்த்து எழுத்தாக மாற்றும் முறை. பிடிஎஃப்பை கூகுள் டிரைவில் ஏற்றி, லேப்டாப் ப்ரௌசரில் கூகுள் டாக்ஸாகத் திறந்தால் தமிழையும் ஓரளவு நன்றாகவே எடுக்கும். படமாக இருக்கும் பக்கங்களுக்கும் இதே வழிதான். ஆனால் 'ர'வும் துணைக்காலும் அதற்குக் குழம்பும். ஒருவர் உட்கார்ந்து மூலத்தோடு ஒப்பிட்டுப் படித்தே ஆக வேண்டும்.

புதிதாக பிடிஎஃப் எடுக்கும்போது வேர்டில் 'பிரிண்ட் டு பிடிஎஃப்' வேண்டாம். 'சேவ் ஆஸ்' போய் பிடிஎஃப் எடுங்க. அங்கே ஆப்ஷன்ஸில் அக்ஸெஸிபிலிட்டிக்கான டேக் வைக்கும் டிக் பாக்ஸ் இருக்கும், அதை விட்டுவிடாதீங்க. பிரிண்ட் வழியில் போனால் தலைப்பு எது, பத்தி எது என்ற தகவல் தொலைந்துவிடும். முடிந்தால் பிடிஎஃப்போடு அதே கட்டுரையை வெப் பக்கமாகவும் போடுங்க. அங்கே இந்த வடிவ அட்டவணைச் சிக்கல் எதுவும் இல்லை.

கடைசியாக ஒரு டெஸ்ட். இப்போது எங்க எடிட்டோரியல் டீமில் இது விதி: வெளியிடும் முன் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பத்தியை டேப்பில் காப்பி பண்ணி, நோட்ஸ் ஆப்பில் பேஸ்ட் பண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு அரை நிமிஷம்கூட ஆகாது. இந்த இதழின் முதல் வரைவில் மூன்று பக்கங்கள் ஃபெயில். மூன்றையும் திரும்பச் செய்தோம்.

டெஸ்ட் பாஸ் ஆன வரைவைத் தம்பியிடம் அனுப்பினேன். ராத்திரி வாய்ஸ் மெசேஜ் வந்தது. "அக்கா, எல்லாம் நல்லா படிக்குது. ஆனா நாலாவது பக்கத்துல ஒரு பேர் தப்பா இருக்கு. டாக்பேக் 'ஒ-ள-வையார்'னு சொல்லுது."

போய்ப் பார்த்தேன். யாரோ 'ஔ' என்ற ஒரே எழுத்துக்குப் பதிலாக 'ஒ' போட்டுப் பக்கத்தில் 'ள' போட்டிருந்தார்கள். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று போலத்தான் இருக்கும். அந்தப் பக்கத்தை ஐந்து பேர் ப்ரூஃப் பார்த்திருந்தோம், யார் கண்ணிலும் படவில்லை. நான் காப்பி பண்ணிப் பார்த்ததும் வேறு பத்தியை.

இப்போது அவனும் எங்க ப்ரூஃப் டீமில் இருக்கிறான். உங்க டிபார்ட்மென்ட் குரூப்பில் சுற்றும் தமிழ் நோட்ஸ் ஒன்றைத் திறந்து, ஒரே ஒரு பத்தியைக் காப்பி பண்ணிப் பாருங்க. ஜே, கே, பி, ஓ வந்தால் அதைப் போட்டவரிடம் சொல்லுங்க. எனக்கு ஒருத்தன் சொன்ன மாதிரி.